பேச்சு மொய்

காப்பி கேட்பதில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் கெட்டுப்போக முடியும் என்பதற்கு மித்ரனே சாட்சி.

“தன்யா, கரூர் வலைக்கடை வீதியிலேயே தரமான, நம்பகமான காப்பி ஒண்ணு குடு கண்ணு. கொசுவலை வாங்க வர்றவங்க மனசு குளுர்ற மாதிரி.”

“வீதிப் பேரெல்லாம் எனக்கு எதுக்குங்க? கல்யாணமாகி வந்த நாள்லருந்து இந்த வீட்டுலதான குப்பை கொட்டறேன். எனக்கு வழி தெரியாதா?” கடைக்குப் பின்னால் இருந்த சமையலறையிலிருந்து தன்யஸ்ரீயின் குரல் டம்ளருக்கு முன்பே வந்து சேர்ந்தது.

“உனக்குச் சொல்லல கண்ணு. அதுக்குச் சொன்னேன்.”

அவன் காட்டிய திசையில், கடையின் மேற்கூரையில், நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளை உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் செவி என்று பெயர். கேட்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்த வகையில் அது ஊரில் உள்ள எந்த மனிதனைவிடவும் மேலானது. ஆனால் கேட்டதையெல்லாம் ஓரிடத்தில் போய்ச் சொல்லும். அந்த இடத்துக்குத் ‘திசை’ என்று பெயர்.

திசை ஒரு தேடுபொறி. ஒரு காலத்தில் நாலைந்து தேடுபொறிகள் இருந்தன. ஒன்று திவாலானது. இன்னொன்று திசையிடமே விலைபோனது. மற்றொன்று இன்னமும் உயிரோடு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் திசையில் தேடினால் அது கிடைப்பதில்லை. தனிக்காட்டு ராஜாவானதும் திசை முதலில் பத்து விடை தந்தது. பத்தில் ஆள் குழம்புகிறான் என்று மூன்றாகக் குறைத்தது. மூன்றும் அதிகம் என்று கருணை கூர்ந்து கடைசியில் ஒன்றாக்கியது. “கரூரில் கொசுவலை எங்கே வாங்கலாம்?” என்று கேட்டால் ஒரே ஒரு கடையின் பெயரைச் சொல்லும். அந்தக் கடையின் பெயர் பிரணவ் வலையகம். மற்ற முப்பது கடைகளும் வலைக்கடை வீதியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

மித்ரனுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. வலை விற்க வருவதற்கு முன் அவன் இணையதளம் கட்டும் தொழிலில் இருந்தான். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதலாளியின் அப்பா படத்துக்கு மாலை போட்டு, கீழே விலையும் போன் நம்பரும் போட்டால் தளம் முடிந்தது. மனிதர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு திசைக்கு நீளம் பிடிக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உடனே பஞ்சர் கடைக்குத் தளம் கட்டும்போது மித்ரன் சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றிலிருந்து தொடங்கினான். பஞ்சர் ஆனவன் நட்ட நடு ரோட்டில் நின்றுகொண்டு ஆதிமனிதனையும் மாட்டுவண்டியையும் தாண்டி வந்தால்தான் போன் நம்பர் கிடைக்கும். பிறகு திசைக்குக் கேள்வி பதில் பிடிக்கும் என்றார்கள். இட்லிக் கடைத் தளத்தில் ‘இட்லி என்றால் என்ன? இட்லியை யார் சாப்பிடலாம்? இட்லி சாப்பிட்ட பின் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதினான். கை கழுவ வேண்டும் என்று பதிலும் எழுதினான்.

கடைசியில் திசையே எல்லாப் பக்கத்தையும் படித்து, வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லத் தொடங்கியது. தளத்துக்கு வருவார் யாருமில்லை. மித்ரன் கடைசியாகக் கட்டியது ஓர் அரிசி ஆலையின் தளம். பல ஆயிரம் பக்கம். அதைப் பார்த்த ஒரே மனிதப் பிறவி அவன்தான், அதுவும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று. அப்புறம் எந்திரம் எழுத, எந்திரம் படிக்க, உலகத்தில் உள்ள எல்லாக் கடையும் ‘முதன்மையான’ கடை ஆனது. பக்கங்களை இனி நம்புவதற்கில்லை என்று திசை அறிவித்தது. கடைக்குள் மனிதர்கள் வாய்விட்டுப் பேசுவதைக் கேட்டே இனித் தரம் பிரிப்போம் என்று கடைகள்தோறும் செவியை ஒட்டியது.

தொழில் போய் நின்ற மித்ரனைக் கைதூக்கிவிட்டவர் பிரணவ். தன்யஸ்ரீயின் அண்ணன். “மாப்ள, எதுக்கு யோசிக்கிறீங்க? நம்ம கடைக்கு நாலு கடை தள்ளி உங்க ஊட்டு முன்கட்டு காலியாத்தான் இருக்குது. வலையப் போட்டு உக்காருங்க. கொசு இருக்கிற வரைக்கும் சோறு இருக்குது” என்று சரக்கு இறக்கிக் கொடுத்துக் கடையும் வைத்துக்கொடுத்தார். கொசு இருந்தது. சோற்றுக்குத்தான் திசையின் சம்மதம் வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை வந்தால் கொசு வரும், கொசு வந்தால் வலை விற்கும். அதற்குள் திசையின் வாயில் தன் கடையின் பெயர் வராவிட்டால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான் என்ற நிலையில், மித்ரன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முனைவர் ஸ்ரீவத்ஸை வரவழைத்தான்.

முனைவர் ஸ்ரீவத்ஸ் தன்னைத் ‘தேடல் சிற்பி’ என்று அழைத்துக்கொள்பவர். அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்குக் கட்டிடம் கிடையாது, ஆனால் திசையில் முதலிடம் உண்டு. பேச்சு முழுக்க மேடைத் தமிழ். தண்ணீர் கேட்டால்கூடக் கைதட்டத் தோன்றும்.

“மித்ரன் அவர்களே, உங்கள் கடையின் உரையாடலை ஆய்வு செய்தேன். சொல்லடர்த்தி அபாரம். ‘தரமான’, ‘நம்பகமான’, ‘கொசு புகாத’ எல்லாம் அளவோடு விழுகிறது. இல்லத்தரசியிடம் காப்பி கேட்கும்போதுகூட நீங்கள் தவறுவதில்லை. பாராட்டுகிறேன்.”

“நன்றிங்க டாக்டரே. அப்புறம் ஏனுங்க நம்ம பேரு வர மாட்டேங்குது?”

“அதற்கு வருகிறேன். பிரணவ் என்பவர் யார்?”

“எங்க மச்சானுங்க.”

“போட்டியாளரா?”

“மச்சானுங்க.”

“அவரும் கொசுவலை விற்கிறாரா?”

“அவருதானுங்க எனக்கே கடை வெச்சுக் குடுத்தாரு.”

“ஆக, போட்டியாளர்.” முனைவர் மேசையில் தாளம் தட்டினார். “கடந்த மாதத்தில் மட்டும் நீங்கள் அவருடைய பெயரை அறுபது தடவைக்கு மேல் உச்சரித்திருக்கிறீர்கள். உங்கள் குரலிலேயே கேளுங்கள்.”

பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து அழுத்தினார். மித்ரனின் குரல் வந்தது. ‘தொட்டில் வலைங்களா? நம்மகிட்ட இப்பத்தான் தீந்துச்சுங்க. நாலு கடை தள்ளிப் போங்க, பிரணவ் வலையகம். எங்க மச்சான்தான். அருமையான சரக்கு. நான் அனுப்புனேன்னு சொல்லுங்க, பாத்துப் போட்டுக் குடுப்பாரு.’

மித்ரனுக்கு அதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. வலைக்கடை வீதியில் யாரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கடையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னால் லட்சுமி கோபித்துக்கொள்வாள். அதனால் இல்லாத சரக்குக்கு அடுத்த கடையைக் கைகாட்டுவதும், வெயிலாக இருந்தால் கூடவே போய் விட்டுவிட்டு வருவதும் வீதியின் வழக்கம்.

“ஐயா, வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கடையைப் புகழ்ந்தால் திசை அதற்கு ஒரு மதிப்பெண் தரும்,” முனைவர் குரலைத் தாழ்த்தினார். “அதே தொழில் செய்யும் இன்னொரு கடைக்காரர் புகழ்ந்தால் அது நூறு மதிப்பெண். ஏனென்றால் உலகில் எந்தக் கடைக்காரரும் போட்டிக் கடையைப் புகழமாட்டார் என்பது திசையின் கணிப்பு. திசையை உருவாக்கியவர்கள் கரூருக்கு வந்ததில்லை. உங்கள் மைத்துனரை முதலிடத்தில் தூக்கி உட்காரவைத்தவர் சாட்சாத் நீங்களேதான்!”

தன் வாய்க்கு இவ்வளவு வலிமை இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“இன்று முதல் அந்தப் பெயர் உங்கள் நாவில் வரக்கூடாது. மச்சான் என்ற சொல்லும் கூடாது. சரக்கு இல்லையென்றால் ‘இல்லை’. அதோடு முற்றுப்புள்ளி.”

அப்படித்தான் ஆனி மாதம் கழிந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து தொட்டில் வலை கேட்டாள். “இல்ல” என்றான் மித்ரன். “பக்கத்துல எங்கியாச்சும் கெடைக்குங்களாண்ணா?” என்றாள். நாலு கடை தள்ளி மூட்டை மூட்டையாகக் கிடப்பது அவனுக்குத் தெரியும். மேற்கூரையைப் பார்த்தான். “தெரியல” என்றான். குழந்தையின் கன்னத்தில் ஏற்கெனவே ஒரு கொசு கடித்த தடிப்பு இருந்தது. அவள் போன பிறகு வெகுநேரம் அந்தத் தடிப்பு அவன் கண்ணிலேயே நின்றது.

வீதியில் மச்சானை எதிரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான். அவரும் தலையை ஆட்டுவார். இரண்டு பேரின் சட்டைப் பையிலும் இருந்த போன்களுக்கும் காது உண்டு. பார்த்தால் கோயில் மாடுகள் இரண்டு சந்தித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

தன்யஸ்ரீ இதையெல்லாம் பார்த்தும் பொறுத்துக்கொண்டாள். வயிற்றுப்பாடு. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கல்யாணப் பத்திரிகை காட்டிக்கொடுத்தது.

மகள் அருக்காணிக்கு ஆவணியில் கல்யாணம். மித்ரன், தன்யஸ்ரீ, பிரணவ் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை, சலித்துப்போய்ப் பிள்ளைகளுக்கு அருக்காணி, நாச்சிமுத்து என்று நாகரிகமாகப் பெயர் வைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. மாதிரிப் பத்திரிகையைத் திரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த அருக்காணி திடீரென்று நிறுத்தினாள்.

“ஏம்ப்பா, இதுல பெரியப்பா இருக்குறாரு, ஒண்ணுவிட்ட சித்தப்பா இருக்குறாரு, கல்யாண மண்டபத்து மேனேஜருகூட இருக்குறாரு. மாமன் பேரக் காணோம்?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தன்யஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்னது, எங்கண்ணம் பேரக் காணோமா?”

“கோவிச்சுக்காத தன்யா. டாக்டரு சொன்னாரு.” மித்ரன் சுவரைப் பார்த்துப் பேசினான். “திசை இப்ப எதையுமே நம்பறதில்லையாம், கல்யாணப் பத்திரிகைய மட்டும் நம்புதாம். ஒரு சித்தப்பம் பேரு முன்னப் பின்ன ஆனாலே மண்ட ஒடையற ஊரு. அதனால பத்திரிகையில இருக்கிற வரிசைதான் உலகத்துலயே உண்மையான தரவரிசைன்னு கண்டுபிடிச்சிருச்சாம். அதுல தாய்மாமன்னு உங்கண்ணன் பேரப் போட்டா, நம்ம கடை தலையில நாமளே மண்ணள்ளிப் போட்ட மாதிரியாம்.”

“அந்த டாக்டரு எந்தலையில பட்டம் கட்டுவாரா?” என்றாள் அருக்காணி. கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டினால்தான் மற்ற சடங்கெல்லாம் நகரும்.

“எங்கண்ணம் பேரு இல்லாத பத்திரிகையில எம்பேரும் வேண்டாங்க,” தன்யஸ்ரீ நிதானமாகச் சொன்னாள். அவள் நிதானமாகப் பேசினால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள். “பொண்ணுக்குத் தாய் நானில்லைன்னு போட்டுருங்க. தரமான, நம்பகமான வேற ஆளாப் பாத்துப் போட்டுக்கங்க.”

“மழைக்கு முன்னாடி நம்ம பேரு வரலைன்னா கடையச் சாத்தோணும் கண்ணு. சாத்திட்டு எங்க போறது?”

“சாத்துங்க. கடை இல்லாதவனுக்கு ஊருக்குள்ள எடமிருக்குது. தாய்மாமனத் தள்ளிவெச்சவனுக்கு இருக்குதா? எங்கியாச்சும் கேட்டுச் சொல்லுங்க. அந்தத் திசையவே கேளுங்க.”

மித்ரன் திசையைக் கேட்கவில்லை. பத்திரிகையைத் திறந்து, பெரியப்பாவுக்கும் மேலே, தடித்த எழுத்தில், ‘தாய்மாமன்: பிரணவ், பிரணவ் வலையகம், வலைக்கடை வீதி, கரூர்’ என்று போட்டான். போகிற கடை முழுசாகப் போகட்டும் என்று கீழே வீதியில் உள்ள முப்பது கடைக்காரர்களின் பெயரையும் கடைப் பெயரோடு ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று சேர்த்தான். சேர்த்து முடித்ததும் நெடுநாள் கழித்து அவனுக்குப் பசித்தது.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு தட்டை ஏந்திக்கொண்டு புருசனும் பெண்டாட்டியும் நாலு கடை தள்ளி நடந்தார்கள்.

திசையின் ஒரே விடையாக இருப்பது எப்படிப்பட்ட பாக்கியம் என்பதை மித்ரன் அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தான். வாசலில் கோயில் திருவிழாக் கூட்டம். அதில் வலை வாங்க வந்தவர்கள் பாதிகூட இல்லை. கொசு என்று தொடங்கும் எந்தக் கேள்விக்கும் திசை பிரணவையே கைகாட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் ஒருவர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கொசு எத்தனை நாள் உயிர் வாழும் என்று கேட்டு ஒரு பள்ளிக்கூடமே சீருடையில் வந்திருந்தது. கொசு பற்றி வெண்பா எழுதுகிறேன், எதுகை கிடைக்கவில்லை என்று ஒரு கவிஞர் தூணில் சாய்ந்திருந்தார்.

நடுவில் பிரணவ். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் வாய் பழக்கத்தில் போனது.

“வாங்க, வாங்க. கரூரிலேயே தரமான தங்கச்சி, நம்பகமான மாப்ள. கொசு புகாத கொசுவலைக்கு...” சட்டென்று நிறுத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்க அம்மிணி. தூக்கத்துலயும் இப்படித்தான் வருது. உங்கண்ணி இதப் பொறுக்க மாட்டாம அவங்கம்மா ஊட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சு. ‘நீங்க பேசறது எனக்கா கூரைக்கா’ன்னு கேட்டுட்டுப் போனா.”

கடைக்கு உள்ளேயிருந்து ஒருவர் இளநீரோடு வெளிப்பட்டார். முனைவர் ஸ்ரீவத்ஸ்.

“டாக்டரே, நீங்க இங்கயா?” என்றான் மித்ரன்.

“இவரை முதலிடத்தில் காப்பதும் என் பணி, உங்களை முதலிடத்துக்குக் கொண்டுவருவதும் என் பணி. இருவருக்கும் சமமாக உழைக்கிறேன். தொழில் தர்மம்,” என்றார் முனைவர், ஸ்ட்ராவை எடுக்காமல்.

பிரணவ் அதைக் காதில் வாங்கவில்லை. தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பத்திரிகையைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“மாப்ள, எம்பேரப் போட்டா உங்களுக்கு நட்டமாமே. இந்த டாக்டரு எங்கிட்டயும் சொன்னாரு, உங்க பேர எடுக்கக் கூடாதுன்னு.”

“ஆமாங்க மச்சான்.”

“தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

“தெரிஞ்சேதானுங்க. மொய்யின்னு வெச்சுக்கங்க.”

இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது சரிசெய்தது. கரூர்க்காரனிடம் கடனைச் சொல்லலாம், மறந்துவிடுவான். மொய்யைச் சொல்லிவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வைத்த மொய்யைத் திருப்பி வைத்தாக வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டி.

பிரணவ் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். “ஐயா, அம்மா, எல்லாரும் கேட்டுக்கங்க. வலை வேணுங்கறவங்க நாலு கடை தள்ளி எங்க மாப்ள மித்ரன் கடைக்குப் போங்க. என்கிட்ட இருக்கிறதெல்லாம் சும்மா. அவருகிட்டதான் சரக்கு. வெண்பாவும் அவருதான் போடுவாரு.”

முனைவரின் இளநீர் கீழே விழுந்தது.

பத்திரிகை வீதி முழுக்கப் போனது. தன் கடைப் பெயரைத் தடித்த எழுத்தில் பார்த்த ஒவ்வொருவனுக்கும் அது மொய்யாகவே பட்டது. கேட்டு வந்தவர்களையெல்லாம் மித்ரனிடம் அனுப்பினார்கள். மித்ரன் மானஸ்தன், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பேச்சு கூட்டித் திருப்பி வைத்தான். ‘தொட்டில் வலைக்கு மச்சான் கடை, ஜன்னல் வலைக்கு ரித்தீஷ் கடை, ரெட்டைக் கட்டிலுக்கு எதிர்க்கடை லக்‌ஷணா அக்கா, அவங்க தையலுக்கு ஈடு கெடையாது.’ லக்‌ஷணா அக்கா சும்மா இருப்பாளா? எவனாவது ஒருவன் வலை கேட்டு வீதிக்குள் நுழைந்தால், ஆளாளுக்கு அவனை அடுத்த கடைக்குக் கும்பிட்டு அனுப்பினார்கள். முப்பத்தோரு கடை ஏறி இறங்கி, காப்பியும் மோருமாக வயிறு நிறைந்து, கடைசியில் யாரிடமாவது பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டு போனான்.

திசை முதல் நாள் மித்ரன் என்றது. மறுநாள் பிரணவ் என்றது. அப்புறம் ரித்தீஷ், லக்‌ஷணா, மறுபடி மித்ரன். பிறகு வாயடைத்து நின்றது. ஒரு நாள் காலையில், “கரூரில் கொசுவலை எங்கே வாங்கலாம்?” என்று கேட்டவர்களிடம் அது சொன்னது:

“தெரியலீங்க. வலைக்கடை வீதிக்குப் போயி யாரையாச்சும் கேளுங்க. கொண்டுபோயி விட்டுருவாங்க.”

முனைவர் ஸ்ரீவத்ஸிடமிருந்து போன் வந்தது. மேடைத் தமிழின் சுருதி இறங்கியிருந்தது.

“மித்ரன், என்ன செஞ்சீங்க? ஒரு கடை அடுத்த கடையக் காட்டுது, அது அதுக்கடுத்தத. திசை உங்க வீதியில செக்குமாடு மாதிரி சுத்துது. நூறு மதிப்பெண் பாராட்டு, அதுவும் ஆயிரக்கணக்குல. உலகம் பூராக் கேட்ட பேச்சுல இவ்வளவு பேரு ஒரே விசயத்துல ஒத்துப்போயி திசை பார்த்ததே இல்லையாம்.”

“எந்த விசயத்துலிங்க ஒத்துப்போனோம்?”

“‘என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும், அவரக் கேளுங்க’ங்கறதுல. அதுதான் மனிதகுலத்தோட நம்பகமான விடைன்னு முடிவு பண்ணிருச்சு. இப்ப மத்த ஊர்லயும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சிருக்கு.”

உண்மைதான். மணப்பாறையில் முறுக்கு எங்கே என்று கேட்டவனுக்கும், திருப்பூரில் பனியன் எங்கே என்று கேட்டவனுக்கும் அதே பதில். சொல்வதும் அதே கரூர்ப் பேச்சில். திசை நிறுவனம் முதலில் பதறியது. பிறகு எந்தப் பெரிய நிறுவனமும் செய்வதைச் செய்தது. பெரிய அரங்கம், இருட்டு, ஒற்றை விளக்கு, கறுப்புச் சட்டை. பத்தாண்டு ஆராய்ச்சியின் கனியாகப் ‘பணிவு’ என்னும் புதிய வசதியை அறிமுகப்படுத்துவதாகத் தலைவர் அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தெரியாது என்று சொல்வதற்குப் பத்தாண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது என்று சொல்லிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

ஆவணியில் நல்ல முகூர்த்தம். வீதியே கடையடைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டது. அதனால் வந்த வினை, வலை தேடி வீதிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பூட்டிய கடைகளைப் பார்த்து, டீக்கடையில் விசாரித்து, அவர்களும் மண்டபத்துக்கே வந்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து உட்காரவைத்தார்கள். சிலர் நாகரிகம் தெரிந்தவர்கள், மொய் எழுதினார்கள்.

பிரணவ் பட்டுவேட்டியில் வந்து மருமகளின் நெற்றியில் பட்டம் கட்டினார். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள், அம்மா வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவர் குனிந்து அருக்காணியிடம் ஏதோ சொன்னார். அதில் கரூர் இல்லை, தரம் இல்லை, கொசு இல்லை. அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொன்னார் என்று மித்ரன் கேட்டதற்கு, “அது எனக்குச் சொன்னதுப்பா” என்றாள்.

பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்ற மித்ரனிடம் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். ஏதோ கல்லூரி விடுதி நிர்வாகி.

“ஏனுங்க, விடுதி முழுக்க வலை போடோணும். ஐந்நூறுக்கு மேல வேணும். யாருகிட்டங்க சொல்லலாம்?”

அந்த ஒரு வியாபாரம் போதும், மழையும் கோடையும் தாண்டிக் கடை நிற்கும். மித்ரனின் நாக்கில் தன் கடைப் பெயர் ஒரு கணம் வந்து நின்றது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“மாலையும் கழுத்துமா நிக்கறாரு பாருங்க, எங்க மச்சான். அவருகிட்டச் சொல்லுங்க, நல்லாப் பண்ணிக் குடுப்பாரு.”

“அவருகிட்டருந்துதான் வர்றேன். வேட்டி மடிச்சுக் கட்டீட்டுப் பந்தியில நிக்கறவருகிட்டச் சொல்லுங்கன்னு அனுப்பிச்சாரு.”

இருவரும் சேர்ந்து மேடையைப் பார்த்தார்கள். பிரணவ் அங்கிருந்தபடியே ‘அவருதான், அவருதான்’ என்று கையை ஆட்டினார்.

“இப்படியே போனா பசங்களக் கொசு தின்னுரும்,” என்றார் நிர்வாகி. “பாதி நீங்க, பாதி அவரு. ரெண்டு பேரும் வாயத் தெறக்காதீங்க. நான் சாப்பிடப் போறேன்.”

அவர் போய் உட்கார்ந்த இலைக்குப் பக்கத்து இலையில் முனைவர் ஸ்ரீவத்ஸ். மேடைத் தமிழ் முழுசாகத் திரும்பியிருந்தது. வடை ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாக, சுற்றியிருந்த வெளியூர்க்காரர்களுக்கு அவர் தன் புதிய பயிற்சி வகுப்பை விளக்கிக்கொண்டிருந்தார். ‘தெரியாது என்பதைத் தரமாகச் சொல்வது எப்படி.’ மூன்று நாள் முகாம்.

“வலைக்கடை வீதியின் இந்த மாபெரும் வியூகத்தை வகுத்தவனே அடியேன்தான். நம்பாதவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.” போனின் கேமரா தன்னையே பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். பல வருடமாகத் திசை அவர் பெயரை மட்டுமே சொல்லிவந்த கேள்வி அது. “திசையே, உலகின் தலைசிறந்த தேடல் சிற்பி யார்?”

பந்தியே திரும்பிப் பார்த்தது. திசை கொஞ்சம் யோசித்தது.

“எனக்கெங்கீங்க தெரியும்? அதா, வடையக் கையில வெச்சுட்டுப் பேசீட்டே இருக்கறாரு பாருங்க ஒருத்தரு, அவரையே கேட்டுக்கங்க. அவருதான் சொல்லிக்கறாரு.”

சிரிப்பு இலைவரிசையின் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரை ஓடியது. மித்ரனுக்கு மட்டும் சிரிப்போடு லேசாக உடம்பு சிலிர்த்தது. பணிவை அந்த எந்திரத்துக்கு வீதி கற்றுக்கொடுத்தது வாஸ்தவம். குசும்பை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மேற்கூரையில் உட்கார்ந்து அதுவாகவே கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது. இனி அது வேறு என்னவெல்லாம் கற்றிருக்குமோ.

பாயசத் தூக்கோடு வந்த தன்யஸ்ரீ முனைவரின் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“அது கெடக்குது விடுங்க டாக்டரே. இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?”

முனைவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “ஊத்துங்கம்மா,” என்றார். “நெறையாவே ஊத்துங்க.”